உடல் பருமனும் உழைப்புக் கணக்கும்

நமது நாட்டில் ஒரு மனிதனுடைய தேகம் பருத்திருப்பதைப் பற்றி ஜனங்களுக்குள் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. ஒன்று, அது அவனுடைய யோகம், லட்சுமி கடாட்சம், வீட்டில் எதற்கும் குறைவில்லை என்பதற்கு அடையாளம் என்பது. மற்றொன்று, அது பிறவியிலேயே அமைந்துவிட்ட உடல்வாகு, பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் ஊதிப்போகும் உடம்பு என்பது. முதலாவதைச் சொல்லுகின்றவர்கள் பருத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகின்றவர்கள்; இரண்டாவதைச் சொல்லுகின்றவர்கள் பெரும்பாலும் பருத்தவர்களேயாவார்கள். இந்த இரண்டிற்கும் பொதுவாயுள்ள குணம் என்னவென்றால், எதை ஒப்புக்கொண்டாலும் சம்பந்தப்பட்ட மனிதன் செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்லாமற்போய்விடுவதேயாகும்.

தலையெழுத்து என்பதைக் கணக்குப் பார்த்தே தீர்த்துவிடலாம். சர்க்கார் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015-16-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 30.9 பேர் உயரத்திற்குத் தகுந்த அளவைத் தாண்டிப் பருத்தவர்களாயிருந்தார்கள். 2019-21-ம் வருஷக் கணக்கில் அது 100-க்கு 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 பேர் என்றிருந்தது 37.0 ஆகிவிட்டது. ஐந்து வருஷத்திற்குள் நூற்றுக்குப் பத்துப் பெண்களுக்குப் பிரம்மதேவன் பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாய் எழுதினானா என்று கேட்கின்றோம். பரம்பரைக்கும் உடம்பிற்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை, சம்பந்தம் உண்டு. ஆனால் பாட்டனுடைய இரத்தம் ஐந்து வருஷத்தில் மாறாது. மாறினதெல்லாம் தட்டில் விழுவதும், கால் நடப்பதும்தான்.

மேனாட்டில் இந்த விஷயத்தை யோகம் என்று விட்டுவிடாமல் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் இருந்திருக்கின்றார்கள். சான்டோரியோ என்ற இத்தாலிய வைத்தியர் 400 வருஷங்களுக்கு முன்னேயே ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் தானே உட்கார்ந்து, உண்டதையும் கழித்ததையும் வருஷக்கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தார். பிறகு அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பவர் 1890-களில் ஒரு சிறு அறையைக் கட்டி, அதற்குள் ஒரு ஆளை நாட்கணக்கில் குடியிருக்கச் செய்து, அவன் உண்ட உணவையும் அவன் உடம்பிலிருந்து வெளியான உஷ்ணத்தையும் அளந்தார். உள்ளே போன கணக்கும் வெளியே வந்த கணக்கும் ஒத்திருந்தன. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றப் போதுமான உஷ்ணத்தைத்தான் இன்றைக்கு நாம் உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கின்றோம். மாவுப் பொருளும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, எண்ணெயும் நெய்யும் 9 என்று பள்ளிப் பிள்ளைகள் இன்று படிப்பது அவர் வழிவந்த கணக்கேயாகும்.

நம் பக்கத்திலும் இது நடக்காமலில்லை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-ம் வருஷம் மக்காரிசன் என்பவர் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோயைப் பற்றி ஆரம்பித்த ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958-ம் வருஷத்தில் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருந்து வருகின்றது. நம்முடைய கேழ்வரகிலும் கம்பிலும் என்ன சத்து இருக்கின்றது என்ற பட்டியலை 1937-ம் வருஷத்தில் புத்தகமாய் வெளியிட்டதும் குன்னூரில் இருந்த அந்த ஆராய்ச்சிச்சாலைதான். ஆகவே இது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுச் சங்கதி, நமக்கு ஒத்துவராது என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை.

நிற்க, உடம்பின் செலவு எத்தனை வகைப்படும் என்று பார்ப்போம். மூச்சு விடுதல், இரத்தம் ஓடுதல், மூளை, ஈரல், சிறுநீரகம் இவைகள் வேலை செய்தல் ஆகியவற்றிற்கு மனிதன் அசையாமல் படுத்திருந்தாலும் ஒரு செலவு உண்டு. இது அடிப்படைச் செலவு. உண்டதைச் செரிக்க ஆகும் செலவு மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் உழைப்புச் செலவு. அடிப்படைச் செலவைப்போல் எத்தனை மடங்கு மனிதன் ஒரு நாளில் செலவிடுகின்றான் என்பதுதான் அவனுடைய உழைப்பின் அளவு. உலக உணவு நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்திருக்கிறபடி, 1.4 முதல் 1.69 வரை உட்கார்ந்த பிழைப்பு அல்லது லேசான வேலை, 1.7 முதல் 1.99 வரை நடுத்தர உழைப்பு. 2-க்கு மேல் கடின உழைப்பு. நம் நாட்டு நிறுவனம் 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்த மூன்று வகையில் முறையே 2,110, 2,710, 3,470 கலோரிகள். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,660, 2,130, 2,720 கலோரிகள்.

இதுவரையில் சண்டையில்லை. சண்டை எங்கே ஆரம்பமாகின்றதென்றால், இந்த மூன்று வகையில் நான் எந்த வகை என்று ஒவ்வொருவனும் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான். நம் ஜனங்களில் தன்னைச் சோம்பேறி என்று ஒப்புக்கொள்ளுகின்றவன் யார்? கடையில் கல்லாவை விட்டு எழுந்திராதவனும், “காலையிலிருந்து ஓயாத ஓட்டம்” என்றுதான் சொல்லுகின்றான். மனம் ஓடினதை உடம்பு ஓடினதாக எண்ணிக்கொள்ளுகின்றான். கவலைப்பட்டதும், கத்தினதும், பாக்கிக்காரனோடு வாதாடினதும் களைப்பைத் தரலாமேயொழிய, அவைகளால் கொழுப்பு ஒரு அரைக் காசுக்கும் கரையாது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருக்கும் ஒருவரை உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். வயது 45, எடை 80 கிலோ. அவருடைய அடிப்படைச் செலவு நாள் ஒன்றுக்குச் சுமார் 1,650 கலோரி இருக்கும். அவருடைய 24 மணி நேரத்தைக் கூறு போட்டுப் பார்த்தால், தூக்கம் 8 மணி. கல்லாவிலும் வீட்டிலும் கைப்பேசியோடும் உட்கார்ந்திருப்பது 11 மணி. நின்றுகொண்டு சாமான் எடுத்துக் கொடுப்பது, குளிப்பது, உடுத்துவது எல்லாம் சேர்ந்து 4 மணி. நடை 1 மணி. தூக்கத்திற்கு 1 மடங்கு, உட்காருவதற்கு 1.4, நின்ற வேலைக்கு 2, நடைக்கு 3.2 என்று பெருக்கிக் கூட்டினால் 34.6 வரும். அதை 24-ஆல் வகுத்தால் 1.44. நமக்குப் பெரிய படிப்பு ஒன்றுமில்லை. ஆனால் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவனும் இதைச் செய்துவிடலாம். 1,650-ஐ 1.44-ஆல் பெருக்கினால் சுமார் 2,400 கலோரி. இதுதான் அவருடைய ஒரு நாளைய செலவு.

ஆனால் அவரைக் கேட்டால் தன்னை நடுத்தர உழைப்பாளி என்றுதான் எழுதுவார். அதற்கு 1.8 மடங்கு போட்டால் 2,970 கலோரியாகின்றது. இளைக்க வேண்டுமென்று அதில் 500 கலோரியைக் குறைத்து 2,470 கலோரிக்கு உண்கின்றார் என்று வைத்துக்கொள்ளுவோம். தோழர்களே! அவருடைய உண்மையான செலவே 2,400 தானே! பட்டினி கிடப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தினம் 70 கலோரி மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கின்றார். மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, “நான் என்ன செய்தாலும் குறையவில்லை, இது என் உடல்வாகு” என்று பழைய பல்லவிக்கே வந்துவிடுகின்றார். ஒரு வகையைத் தப்பாய்ச் சொன்னதில் முழு முயற்சியும் போய்விட்டது.

இது நம்மூர்க்காரர்களை மாத்திரம் பரிகாசம் செய்வதற்காகச் சொல்வதல்ல. 1992-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்து உண்டாலும் இளைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பருத்த மனிதர்கள் சிலரை எடுத்துச் சரியான கருவிகளால் சோதித்தார்கள். அவர்களுடைய உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. செலவெல்லாம் இயல்பாகவே இருந்தது. ஆனால் உண்டதை உண்மையைவிடச் சராசரி 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதல்ல. தன்னைத்தானே மதிப்பிடும்போது மனிதன் எப்பொழுதும் தனக்குத் தானே வக்கீலாகிவிடுகின்றான் என்பதுதான் இதிலிருந்து விளங்குவது.

உழைப்பின் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொடைக்கானலைவிடத் தகுந்த இடம் கிடையாது. 1845-ம் வருஷத்தில் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன் மேலே போக விரும்பிய துரைமார்களும் துரைசானிகளும் பெரியகுளத்திற்குப் பக்கத்தில் மலையடிவாரமாயுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டு வண்டியில் வந்து, அங்கிருந்து குதிரையிலாவது, கூலியாட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலாவது ஏறிப் போவார்கள். அடிவாரத்திற்கும் மேலுக்கும் உயரத்தில் வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். 60 கிலோ எடையுள்ள கூலியாள் தன் உடம்பை மாத்திரம் அவ்வளவு உயரம் ஏற்றிச்செல்லும் வேலையைக் கணக்கிட்டால் 253 கலோரி வரும். மனித உடம்பு நான்கு ஐந்து பங்கு எரித்தால்தான் ஒரு பங்கு வேலையாக வெளியே வரும் ஒரு எஞ்சின். ஆகவே அவன் எரித்தது 1,000 முதல் 1,250 கலோரி வரையாகும். தோளின்மேல் இருந்த நாற்காலிக்கும் அதில் இருந்த துரைக்கும் உண்டான செலவு தனி. துரைக்கோ, வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவுக்கு மேல் அதிகமாய் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரே வழி, ஒரே நாள், ஒரே உயரம்! மேலே போய்ச் சேர்ந்ததும், “பிரயாணக் களைப்பு” என்று சாய்ந்து படுத்து, ரொட்டியும் வெண்ணெயும் மாமிசமும் உண்டவர் யாராயிருந்திருப்பார், கஞ்சியைக் குடித்துவிட்டு இறங்கினவன் யாராயிருந்திருப்பான் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அந்த நாற்காலி இன்று மோட்டாராகிவிட்டது. இன்றைக்குக் காரில் ஏறி வரும் பெரிய மனிதர்களும் அதே பிரயாணக் களைப்பைத்தான் சொல்லுகின்றார்கள். குளிர் பசியைத் தூண்டுகின்றது, மலையேறி வந்தோம், நன்றாகச் சாப்பிட வேண்டியதுதான் என்கின்றார்கள். மலையேறினது எஞ்சினும் பெட்ரோலுமல்லவா? குளிரில் நடுங்கினால் உடம்பு கொஞ்சம் கூடுதலாய்ச் செலவழிக்கும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் கம்பளியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எதற்காகச் செலவழிக்கப் போகின்றான்? ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்தோமே என்பார்கள். ஏரிக்கரைச் சாலை சுமார் 5 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் அதைச் சுற்றிவர, சும்மா இருந்தால் ஆகும் செலவுக்கு மேல் சுமார் 200 கலோரி ஆகும். சுற்றி முடித்ததும் கடையில் வாங்கும் கொடைக்கானல் சாக்லேட் 50 கிராம் போனால் 270 கலோரி. நடக்காமலும் தின்னாமலும் இருந்தவனே இந்த வியாபாரத்தில் லாபக்காரன். அந்த ஏரியைக் குதிரையில் சுற்றுகின்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், இளைப்பது குதிரைதான்.

மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனிக்குப் போகின்றவர்கள் கணக்கு வேறு விதம். கோவில் படிகள் 693 என்று சொல்லுகின்றார்கள். படிக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுமார் 140 மீட்டர் உயரம். 70 கிலோ மனிதன் ஏறினால் முன் சொன்ன கணக்குப்படி சுமார் 100 கலோரி. மேலே போய்ப் பஞ்சாமிர்தத்தை வழித்துத் தின்னும்போது 40 கிராம் போனாலே ஏறினது அவ்வளவும் திரும்ப வந்துவிடும். விருப்பாச்சி வாழைப்பழமும், சர்க்கரையும், தேனும், நெய்யும் சேர்ந்த பண்டம் அப்படித்தான் இருக்கும். அதில் பண்டத்தின் குற்றம் ஒன்றுமில்லை. முழு டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரசாதத்துக்குக் கணக்கு ஏது என்று சொல்லுவதில்தான் குற்றம் இருக்கின்றது. வயிற்றுக்குப் பிரசாதமும் பலகாரமும் ஒன்றுதான்.

தைப்பூசத்திற்குப் பாதயாத்திரை போகின்றவர்கள் நடப்பது உண்மையான நடை. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. 70 கிலோ மனிதன் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 1,000 கலோரி அதிகச் செலவு. ஆறு நாள் நடந்தால் 6,000. ஆனால் உடம்பின் கொழுப்பு ஒரு கிலோ கரைய 7,700 கலோரி வேண்டும். வழியெல்லாம் போடும் அன்னதானத்தைத் தொடாமல் நடந்தாலுங்கூட முக்கால் கிலோவுக்கு மேல் கொழுப்புப் போகாது. போனதாகத் தராசு அதிகமாய்க் காட்டினால் அது வியர்வையும் நீருமேயாகும்; இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். இன்னும் ஒன்று. இந்த 6,000-ஐ வருஷத்தின் 365 நாளுக்கும் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 16 கலோரி. ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி இருக்கின்றது. வருஷத்திற்கு ஆறு நாள் நடந்துவிட்டு 359 நாள் உட்கார்ந்திருப்பவனுடைய உழைப்பின் அளவு அந்த 359 நாளில்தான் இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் பந்து ஆடுகின்றவர்களுக்கும், புதுவருஷத்தில் பத்து நாள் ஓடுகின்றவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இனி மூஞ்சிக்கல் கடைக்காரரை விட்டுவிட்டுக் கீழ்மலைக்கு இறங்கி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். வயது 35, எடை 50 கிலோ. அடிப்படைச் செலவு சுமார் 1,150 கலோரி. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் சரிவில் நின்று பறிப்பது 8 மணி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது ஒன்றரை மணி. வீட்டில் சமையல், தண்ணீர், விறகு, துணி, பிள்ளைகள் இவைகளுக்கு 4 மணி. உட்கார்ந்திருப்பது மூன்றரை மணி. தூக்கம் 7 மணி. பறிப்பதற்கு 2.8, சுமைக்கு 5, வீட்டு வேலைக்கு 2.4 என்று போட்டு, மற்றவைகளையும் கூட்டி வகுத்தால் 2.14 மடங்கு வருகின்றது. அதாவது சுமார் 2,450 கலோரி. 50 கிலோப் பெண்ணுக்கு 80 கிலோ ஆண் பிள்ளையைவிடக் கொஞ்சம் கூடத்தான் வேண்டியிருக்கின்றது! ஆனால் எந்த வீட்டில் எந்தத் தட்டு முதலில் நிரம்புகின்றது? ஆண்கள் எல்லாரும் உண்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சினது அவளுடைய பங்கு. “பொம்பிளைக்கு எதற்கு அவ்வளவு சோறு” என்று சொல்லுகின்றவன், அவள் வீட்டில் செய்யும் நாலு மணி வேலையை வேலையென்றே எண்ணுவதில்லை. சம்பளம் கொடுக்காததால் அது உழைப்பில்லை என்று அவன் நினைக்கின்றான். உடம்பு அப்படி நினைப்பதில்லை.

இதில் இப்பொழுது ஒரு புதிய ஆபத்தும் வந்திருக்கின்றது. கைப்பேசியில் யாரோ ஒரு நடிகையின் படத்தைப் போட்டு, நாளைக்கு 1,200 கலோரி போதும், மாதம் பத்துக் கிலோ குறையும் என்று விளம்பரம் செய்கின்றார்கள். பட்டணத்தில் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கே அது வைத்தியர் கண்காணிப்பில்லாமல் செய்யத்தகாத காரியம். தோட்டத்துப் பெண் அதைப் பார்த்து, வயிற்றைச் சுருக்கிக்கொண்டு அதே சுமையைத் தூக்கினால் கரைவது கொழுப்பு மாத்திரமல்ல, சதையும் இரத்தமுந்தான்.

இந்த இடத்தில் பிறவி வித்தியாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த எலினார் மேசன் என்பவரும், அமெரிக்க ஆராய்ச்சிக்காரராகிய பெனடிக்டும் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவை அளந்து 1931-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அது அமெரிக்க அளவைவிடக் கணிசமாய்க் குறைந்திருந்தது. உடனே இது இனத்தின் குணம், இரத்தத்தின் தன்மை என்று பேசத் தொடங்கினவர்கள் உண்டு. ஆனால் பிற்காலத்தில் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆராய்ச்சிகளில், நன்றாய் உண்டு வளர்ந்த இந்தியர்களை எடுத்து, எடையையும் சதைப் பிடிப்பையும் ஒத்துப் பார்த்தபோது, வெள்ளைக்காரர்களுக்கும் நமக்கும் சொல்லத்தகுந்த பிறவி வித்தியாசம் காணோம். நமக்குச் சதை குறைவு, அதனால் செலவும் குறைவு என்பதுதான் சங்கதி. ஆகவே மேனாட்டுப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு போலக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர, இதில் இனப் பெருமைக்கும் இடமில்லை, இனச் சிறுமைக்கும் இடமில்லை.

இது ஒருபுறமிருக்க, இளைப்பதற்கு ஜனங்கள் கைக்கொள்ளும் வழிகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாதம் இரண்டு ஏகாதசி விரதம் இருந்தால் உடம்பு இளைக்கும் என்கின்றார்கள். சோறு உண்ணாத விரதத்தில் இரவில் தோசையும், உப்புமாவும், கேசரியும் வருகின்றன. அரிசிச் சோற்றுக்கு மாத்திரந்தான் கலோரி உண்டு, ரவைக்கும் நெய்க்கும் கிடையாது என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது? உண்மையாகவே பட்டினி கிடந்தாலும் மாதத்தில் இரண்டு நாள் குறைத்ததை மற்ற 28 நாளில் ஒரு வடை ஈடுசெய்துவிடும். மலைப்பூண்டு கொழுப்பைக் கரைக்கும் என்பது மற்றொன்று. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் அந்தக் குறியீடு பூண்டு எந்த ஊரில் விளைந்தது என்பதற்கு அத்தாட்சியேயல்லாமல், யாருடைய தொப்பை கரைந்தது என்பதற்கு அத்தாட்சியல்ல.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை எடுத்துக்கொண்டு வருகின்றவர்களுக்கு நம் பதில் என்னவென்றால், எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொள்ளில் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. எண்ணெய்க்கு 9 கலோரி என்பதால் அந்த வார்த்தை கணக்குக்குச் சரியாயிருக்கின்றது, சரியாயிருப்பதனால் ஏற்றுக்கொள்ளுகின்றோம். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அல்ல. அதற்காகக் காலைச் சாப்பாடு முழுவதையும் உண்டுவிட்டு மேலே ஒரு குவளை கொள்ளு ரசம் குடித்தால் இளைக்கும் என்று பழமொழியும் சொல்லவில்லை.

படித்தவர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுகின்றார்கள். அது இன்றைக்கு நீ இத்தனை கலோரி எரித்தாய் என்று சொல்லுமாம். 2017-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித் துடிப்பை அவைகள் பெரும்பாலும் சரியாகவே சொல்லின. எரித்த கலோரியைச் சொல்லுவதிலோ, எல்லாவற்றிலும் நல்ல கருவியே 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம் பிசகியது. நாளைக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்ற வேதவாக்கும் 1965-ம் வருஷத்தில் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து கிளம்பியதேயாகும். நடப்பது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கடிகாரம் 600 எரித்தாய் என்று சொன்னதை நம்பி 600-க்கும் பரோட்டா தின்கின்றவன், தாயத்தை அவிழ்த்துவிட்டு வேறொரு தாயத்தைக் கட்டிக்கொண்டவனே ஆவான்.

அப்படியானால் நீ சொல்லுகின்ற 1.44-ம் மதிப்புத்தானே என்று கேட்கலாம். ஆம், மதிப்புத்தான். அதனால்தான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கின்றோம். செய்யவேண்டியது இவ்வளவே. ஒரு வாரத்திற்கு வாய்க்குள் போவது அவ்வளவையும், ருசி பார்த்ததைக்கூட விடாமல், ஒரு நோட்டில் எழுதுவது. மலையில் இருக்கின்றவர்கள் முக்கியமாய்த் தேநீரை எண்ண வேண்டும். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் போட்ட தேநீர் ஒன்று சுமார் 80 கலோரி. குளிருக்கு ஆறு குடித்தால் 480. நமது கடைக்காரர் குறைக்க வேண்டிய 500-ம் அந்தக் குவளைகளுக்குள்ளேயே இருக்கின்றது. சோற்றைத் தொடவே வேண்டியதில்லை. சமையலில் ஊற்றும் எண்ணெய் ஒரு பெரிய கரண்டிக்கு 120 கலோரி. அது கண்ணுக்குத் தெரியாதபடி குழம்பிலும் பொரியலிலும் ஒளிந்திருப்பதால் எவனும் எழுத மாட்டான். அதையும் எழுத வேண்டும். உழைப்பின் அளவைப் போடும்போது சந்தேகம் வந்தால் ஒரு படி கீழேயே போட்டுக்கொள்ள வேண்டும். தினம் 500 குறைத்தால் கணக்குப்படி பதினைந்து நாளில் ஒரு கிலோ போக வேண்டும். வாரத்தில் சில நாள் காலையில் எழுந்தவுடன் எடை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு நாள் எடையைப் பார்த்துத் துள்ளுவதும் துவளுவதும் வீண். உப்பும் தண்ணீருமே ஒரு கிலோவை அப்படியும் இப்படியும் தள்ளும்.

கர்ப்பிணிகளும், பாலூட்டுகின்றவர்களும், வளர்கின்ற பிள்ளைகளும் இந்தக் காரியத்தில் இறங்கக்கூடாது. நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகின்றவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால் மயங்கி விழ நேரும். தைராய்டு முதலிய உண்மையான வியாதிகளும் உண்டு. இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் உள்ளே இருக்கின்றவர்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இளைக்க வேண்டுமென்று புறப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் இல்லை.

நான்கு வாரம் கழிந்தும் தராசு அசையவில்லையானால் உடல்வாகு என்று சொல்லாமல் நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, உண்டதில் ஏதோ விட்டுப்போயிருக்கும்; அல்லது 1.44 என்பது 1.35 ஆக இருக்கும். எது என்றாலும் இன்னும் 150 கலோரியைக் குறைத்தோ, தினம் முக்கால் மணி நடையைக் கூட்டியோ மறுபடியும் நான்கு வாரம் பார்க்க வேண்டும். அசைந்து கொண்டிருந்த தராசு சில மாதத்தில் நின்றுபோனாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. 80 கிலோ உடம்புக்கு 2,400 ஆன செலவு, அதே கடையில், அதே நாற்காலியில், 70 கிலோ உடம்புக்குச் சுமார் 2,200 தான் ஆகும். அப்பொழுது பழைய கணக்கைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.